36 போக்ஸ் கம்பி

புனேல இருக்கிற நம்மாளுங்களுக்குச் சொல்லவே வேணாம். ஜூலை மாசம் ரோட்டுல எது தண்ணி, எது குழின்னு கண்டுபிடிக்க முடியாது. நான் உள்ள இறங்கிக் கண்டுபிடிச்சேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. ஊர்லேர்ந்து ரயில் பார்சல்ல கொண்டு வந்த 2006 மாடல் ஸ்ப்ளெண்டருக்குத்தான் முன் ரிம் நசுங்கிப் போச்சு. மூணு போக்ஸ் கம்பியும் காலி. (ஸ்போக்ஸ்னு சொல்லணுமாம். சைக்கிள் கடையில வளர்ந்தவனுக்கு அது எப்பவும் போக்ஸ் கம்பிதான்.)

பக்கத்து மெக்கானிக் தட்டிக் கொட்டி கோட்டம் எடுத்துக் குடுத்தார். பத்தே நாள்ல ஹேண்டில் மறுபடி ஆட ஆரம்பிச்சுது. அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது இதைப் புலம்பினேன். எட்டு மாசமா "ம்", "சரி", "டிக்கெட் எப்ப போடுவ" தவிர எதுவும் பேசாத அப்பா தலையை நிமிர்த்தி, "ஹப்பு நல்லாருக்கால?"ன்னார்.

அப்பாவுக்கு கோவில்பட்டி பக்கம் 40 வருஷம் சைக்கிள் கடை. கை நடுக்கம் வந்து கடையை மூடினார். அப்புறம் அம்மாவும் போயிட்டாங்க. தனியா விட மனசில்லாம நான்தான் பிடிவாதமா இங்க கூட்டிட்டு வந்தேன். அவருக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ், பொண்ணு ஸ்கூல். பகல் பூரா பால்கனியில உக்காந்து கீழ பார்க்கிங்கையே பாத்துட்டிருப்பார். உங்க வீட்லயும் ஒருத்தர் இப்படி உக்காந்திருக்கலாம்.

சனிக்கிழமை நானா பேட்டுக்குப் போய் 18 இஞ்ச் ரிம், கம்பி செட், நிப்பிள் எல்லாம் வாங்கிட்டு வந்தேன். பழைய கம்பியைக் கழட்டப் போனா, "நில்லுல"ன்னு ஒரு அதட்டல். ஹப் ஓரத்துலேர்ந்து ரிம் ஓரம் எவ்வளவு தள்ளி இருக்குன்னு ஸ்கேல் வச்சு ரெண்டு பக்கமும் குறிச்சுக்கச் சொன்னார். அதைக் குறிக்காம கழட்டினா புது ரிம் நடுவுல நிக்காதாம். பொண்ணுக்கு வேற வேலை குடுத்தார். ஹப்புக்கு உள்பக்கம் வர்ற கம்பிக்கும் வெளிப்பக்கம் வர்ற கம்பிக்கும் வளைவு கொஞ்சம் வித்தியாசம். பாத்துப் பிரிக்கணும், பக்கத்துக்கு ஒம்போது உள்ள, ஒம்போது வெளிய. "தாத்தா, யே வாலா உள்ள?"ன்னு அவ கேக்க, இவர் தமிழ்லயே பதில் சொல்ல, ரெண்டு பேருக்கும் நல்லாவே புரிஞ்சுது.

ஹால்ல பேப்பர் விரிச்சுக் கோக்க ஆரம்பிச்சேன் (தங்கமணி முகத்தை நான் பாக்கலை, பாக்க தைரியமில்லை). எல்லாம் கோத்து முடிச்சா, டியூப் மவுத் வர்ற ஓட்டைக்கு நேரா ரெண்டு கம்பி குறுக்க ஓடுது. காத்துக் குழாயே நுழையாது. மொத்தத்தையும் பிரிச்சேன். அப்பா சிரிச்சார். அம்மா போனப்புறம் அந்தச் சிரிப்பை நான் பாக்கலை.

ஞாயித்துக்கிழமை காலையில கீழ பார்க்கிங். வீலை ஃபோர்க்குலயே மாட்டி, ஃபோர்க்குல ஒரு பென்சிலை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, முனை ரிம்மை லேசாத் தொடுற மாதிரி வச்சோம். அப்பாவுக்கு வாட்ச்மேன் ஸ்டூல் குடுத்தார். முதல்ல ஏத்த இறக்கம், அப்புறம்தான் பக்கவாட்டுக் கோட்டம். ரிம் வலது பக்கம் சாஞ்சா, அந்த இடத்துல இடது பக்கத்துலேர்ந்து வர்ற கம்பியை இறுக்கணும், வலதைத் தளர்த்தணும். "கால் சுத்துக்கு மேல திருகாத. அவசரப்பட்டா எட்டு மாதிரி ஆயிரும்." ரெண்டு மில்லிமீட்டர் வரைக்கும் ஆட்டம் இருக்கலாம்னு புக்ல போட்டிருக்குன்னேன். "புக்கா ஓட்டப் போவுது?"ன்னார்.

அப்புறம் ஸ்பேனரை வாங்கி, கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொரு கம்பியாத் தட்டினார். கை நடுக்கத்துல ஒவ்வொரு தட்டும் ரெண்டு தட்டா விழுந்துச்சு. டிங்-டிங், டிங்-டிங், டப்-டப். "இது செத்துக் கெடக்கு பாரு." அதை இறுக்கி, எதிர்ப்பக்கம் ஒண்ணைத் தளர்த்தினதும் பென்சில் முனையில ரிம் முழுசா ஒரே கோடா ஓடுச்சு. நான் ஒன்றரை மணி நேரம் தேடின கோட்டம் அது.

நிப்பிளுக்கு வெளிய நீட்டின கம்பி முனைங்களை அரத்துல ராவி (இல்லன்னா டியூப் போயிரும்), டயர் ஏத்தி, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து பாத்தா, வாட்ச்மேனோட சைக்கிள் தலைகீழா நிக்குது. அப்பா முன்னாடி ஸ்டூல்ல, பொண்ணு இந்தியில மொழிபெயர்ப்பு.

ராத்திரி நானே கேட்டேன். "டிக்கெட் போட்டுரட்டுமாப்பா?" கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "புதுக் கம்பி கொஞ்சம் இழுத்துக் குடுக்கும். 500 கிலோமீட்டர் ஓட்டிட்டுக் கொண்டா. இன்னொரு தரம் இறுக்கணும். அதுக்கப்புறம் போடு."

ஆபீஸ் போக ஒம்போது கிலோமீட்டர், வர ஒம்போது. இன்னியோட 342 ஆச்சு. நாளையிலேர்ந்து கம்பெனி பஸ்லதான் போகப் போறேன். மழை வேற ஜாஸ்தி.