கொல்லையில் தேங்கிய தண்ணீர்



பக்கத்து வீட்டுக்காரர் தன் மனையை மூன்றடி உயர்த்தி மழைத் தண்ணீரையெல்லாம் என் கொல்லைக்குத் தள்ளிவிட்டார் என்று சில வருடங்களுக்கு முன் இதே பக்கத்தில் நீளமாக எழுதியிருந்தேன். உங்களில் பலர் எனக்காக வருத்தப்பட்டீர்கள். சிலர் வழக்குப் போடச் சொன்னீர்கள். அந்தக் கதையின் மிச்சத்தை இன்று சொல்ல வேண்டும். அதில் நான் செய்த தவறும் இருக்கிறது.

சீர்காழியில் நான் வீடு கட்டியது 1996-ல். அப்போது தெருவை விட வீடு இரண்டடி உயரம். அதன்பின் ஒவ்வொரு முறை சாலை போட்டபோதும் தெரு உயர்ந்தது, புதிதாக வந்தவர்கள் மனையை நிரவிக் கட்டினார்கள். கடைசியில் நம் வீடு பள்ளமாகிப் போனது. 2022 நவம்பரில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். அது ஊருக்கே வந்த வெள்ளம், அதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு சாதாரண மழைக்கே கொல்லையில் பத்து நாள் தண்ணீர் நின்றது. நம்முடையது களிமண், சீக்கிரம் குடிக்காது. முருங்கை வேர் அழுகிச் சாய்ந்தது. 2023 கார்த்திகையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி என் மனைவி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரமும் சமையல் நான்தான் என்பது உறவினர்களுக்குத் தெரியும். சாப்பிட்டவர்கள் இன்னும் மறக்கவில்லை.

அப்போதுதான் பிரெஞ்சு டிரெயின் நினைவுக்கு வந்தது. 2019-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மகள் வீட்டில் இருந்தபோது, எதிர்வீட்டுத் தோட்டத்தில் ஒன்று தோண்டியதை நாள் முழுக்க நின்று பார்த்தேன். பெயரைக் கேட்டு பிரான்ஸ் நாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அதே மாசசூசெட்ஸில் கான்கார்ட் ஊரைச் சேர்ந்த ஹென்றி ஃபிளாக் ஃபிரெஞ்ச் என்ற வழக்கறிஞர் 1859-ல் பண்ணை வடிகால் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் பெயர்தான் இதற்கு நிலைத்தது. வாஷிங்டனில் லிங்கன் நினைவிடத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய சிலையை வடிவமைத்தவர் அவருடைய மகன்.

விஷயம் எளிமையானது. சரிவாக ஒரு பள்ளம் வெட்ட வேண்டும். அதில் ஜல்லி பரப்பி, துளை போட்ட குழாயைப் பதித்து, மேலும் ஜல்லியால் மூட வேண்டும். தண்ணீருக்கு மண்ணை விட ஜல்லிச் சந்துகள் சுலபமான வழி. அதனால் சுற்றியுள்ள ஈரம் பள்ளத்துக்கு இறங்கி, குழாய்க்குள் புகுந்து, சரிவில் ஓடிவிடும். நூறு அடி நீளத்துக்கு ஓரடி சரிவு இருந்தால் போதும்.

2024 கோடையில் இரண்டு ஆட்களை வைத்து நானே நின்று வேலை வாங்கினேன். கொல்லை 60 அடி நீளம், ஏழு அங்குலச் சரிவு என்று கணக்குப் போட்டேன். இரண்டு சிக்கனம் செய்தேன். பள்ளத்துக்குள் விரிக்க வேண்டிய வடிகட்டும் துணியை வாங்கவில்லை. ஜல்லிக்குப் பதிலாக வீட்டில் கிடந்த செங்கல் துண்டுகளைப் போட்டேன். குழாயின் முனையைப் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் நீட்டிவிட்டேன். அங்கே புதர் மண்டிய காலி இடம். 'காலி இடம்தானே' என்று நினைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்தது. இரவெல்லாம் பெய்து விடிந்தபோது கொல்லையில் தண்ணீர் இல்லை! மனைவியை அழைத்துக் காட்டினேன். மகளுக்கு வீடியோ அனுப்பினேன். உங்களுக்கும் ஒரு படம் போட்டேன், நிறைய பேர் கைதட்டினீர்கள்.

மூன்றாம் நாள் கடைக்குப் போகும் வழியில், பின்தெரு சாலையோரம் மின்கம்பத்தில் ஒரு கன்றுக்குட்டி மழையில் நனைந்தபடி கட்டியிருந்தது. நமக்கு இருபது வருடமாகப் பால் ஊற்றும் பெரியம்மாவின் கன்று அது. ஏன் இங்கே கட்டியிருக்கிறது என்று உள்ளே போய்ப் பார்த்தேன். மாட்டுக்கொட்டகையில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர். பசுவும் தண்ணீரில்தான் நின்றது. வைக்கோல் ஊறி நாற்றமெடுத்திருந்தது. புதருக்கு அடுத்து அவர் கொட்டகை இருப்பது எனக்குத் தெரியாததல்ல. நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன்.

"மேட்டுலேருந்து பள்ளத்துக்குத்தானே வரும் வாத்தியாரே. அதை யாரு தடுக்க முடியும்?" என்றார்.

முப்பத்தொரு வருடம் நான் வகுப்பில் சொன்ன பாடம். ஆனால் அந்தத் தண்ணீர் தானாக வரவில்லை. காசு கொடுத்துக் குழாய் வைத்து நான் அனுப்பியது. பக்கத்து வீட்டுக்காரர் எனக்கு என்ன செய்தாரோ, அதையே நான் அந்தப் பெரியம்மாவுக்குச் செய்திருந்தேன். எனக்காவது எழுதிக் கொட்ட இந்தப் பக்கம் இருந்தது. அவருக்கு அதுவும் இல்லை.

அன்று மாலையே குழாய் முனையை மூடி போட்டு அடைத்தேன். அந்த மழைக்காலம் முழுவதும் என் கொல்லையில் மறுபடி தண்ணீர் நின்றது. மனைவி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. பாசிக்குப் பயந்து சாக்கு விரித்து நடந்தாள்.

2025 சித்திரையில் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டேன். வந்தவர் என் மாணவர், 98-ம் வருடம் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு. பெயர் வேண்டாம் என்கிறார். அறிவியலில் இரண்டு முறை தவறியவர். பழைய பள்ளத்தைத் தோண்டியதும் குழாயில் பாதிக்கு மேல் சேறு. "துணி போடலியா சார்?" என்றார். ஒரே ஒரு பருவத்தில் செங்கல் கரைந்தும் களிமண் புகுந்தும் அடைத்திருந்தது.

பிறகு லெவல் டியூபை எடுத்தார். கண்ணாடி போன்ற நீளக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனைகளிலும் மட்டம் பார்ப்பது. இணைந்த பாத்திரங்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்று அவருக்குக் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியவன் நான். ஒரு நாளாவது அந்தக் குழாயைக் கையில் பிடித்து அளந்ததில்லை. "ஒரு முனையைப் பிடிங்க சார். நடுவுல காத்துக் குமிழி இருந்தா பொய் சொல்லும், பார்த்துக்குங்க" என்றார். அன்று முழுக்க நான் சித்தாள்.

அளந்தபோது வழி தெரிந்தது. பெரியம்மாவின் கொட்டகையைத் தாண்டி 50 அடியில் பழைய வடிகால் வாய்க்கால் ஒன்று போகிறது. நாம் கடைமடைக்காரர்கள். காவிரித் தண்ணீர் கடைசியாக வருவது நமக்கு. மழைக்காலத்தில் மேலே உள்ள ஊர்களின் வடிகால் தண்ணீர் வந்து சேருவதும் நமக்கு. பாசனத்துக்கு ஒரு வாய்க்கால், வடிய ஒரு வாய்க்கால் என்று வெட்டி வைத்திருந்தார்கள். இந்த வாய்க்காலில் ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் மண்டிக் கிடந்தன. மனு கொடுத்து அனுமதி பெற்று நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து தூர்வாரினோம். அந்த நால்வரில் ஒருவர் மனையை உயர்த்திய பக்கத்து வீட்டுக்காரர். ஆறு வருடம் பேசாமலிருந்தோம். பெரியம்மா கொட்டகையில் நடந்ததைச் சொல்லி, "உங்களைத் திட்ட இனி எனக்கு வாயில்லை" என்றேன். மறுநாள் அவரே மண்வெட்டியோடு வந்தார்.

தூர்வாரிய பின் வாய்க்காலின் அடி, என் கொல்லையை விட மூன்றரை அடி கீழே. பள்ளத்தை ஒன்றரை அடி ஆழத்தில் தொடங்கினோம். 110 அடிக்குப் பதின்மூன்று அங்குலச் சரிவு கொடுத்தும், வாய்க்கால் அடியை விடக் கிட்டத்தட்ட ஓரடி உயரத்தில் குழாய் முடிந்தது. பள்ளம் முழுவதும் துணி விரித்து, கழுவிய முக்கால் அங்குல ஜல்லி போட்டு, துளைகள் கீழே பார்க்கும்படி நாலு அங்குலக் குழாய் வைத்து, துணியை மேலே மடித்து மூடினோம். கொல்லையைத் தாண்டியதும் துளையில்லாத குழாய். கொட்டகையைச் சுற்றியும் ஒரு கிளைப் பள்ளம் வெட்டி இதில் சேர்த்தோம். வாய்க்கால் நிரம்பினால் தண்ணீர் எதிர்த்து ஏறாமலிருக்க முனையில் ஒரு தடுப்பு மூடி. மழைத் தண்ணீர் மட்டும்தான் இதில் போகும், சாக்கடையைச் சேர்க்கவில்லை.

கூலி கொடுத்தபோது கொத்தனார் பாதியைத் திருப்பித் தந்தார். "வாங்கிக்கப்பா, என் தப்புக்கு நீ ஏன் தள்ளுபடி கொடுக்கறே?" என்று சட்டைப்பையில் திணித்து அனுப்பினேன்.

இந்த ஐப்பசியில் பெய்த மழை மறுநாள் மாலைக்குள் வடிந்துவிட்டது. களிமண்ணுக்கு அது போதும். 2022 போல மறுபடி கொட்டினால் வாய்க்காலே நிரம்பிவிடும். அப்போது எந்தக் குழாயும் உதவாது. அதையும் தெரிந்துகொண்டுதான் இருக்கிறோம். மழை விட்ட காலையில் நான் முதலில் போய்ப் பார்ப்பது என் கொல்லையை அல்ல, கொட்டகையை. கன்று உள்ளேயே படுத்திருந்தது.

ஒரே ஒரு வீட்டுப்பாடம். அடுத்த மழையன்று குடை பிடித்துக்கொண்டு, உங்கள் வீட்டுத் தண்ணீர் போகும் வழியிலேயே நடந்து பாருங்கள். அது யார் வாசலில் போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். இதற்கு மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் வாத்தியார்