விசாவும் ஓர் அமானிதமே



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பள்ளிவாசல்களில் ஜுமுஆவுக்குப் பின் துஆவுக்காகச் சொல்லப்படும் வேண்டுதல்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். நோய் நீங்க வேண்டும், கடன் தீர வேண்டும், பெண்ணுக்கு நல்ல வரன் அமைய வேண்டும் என்ற வரிசையில், "பிள்ளைக்கு விசா கிடைக்க வேண்டும்" என்பதும் நிலையான இடத்தைப் பெற்றுவிட்டது. முன்பு ஓட்டுநராகவும் தையற்காரராகவும் வளைகுடா சென்றவர்களின் வீட்டார் கேட்ட அதே துஆவை, இன்று முதுநிலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்ற பிள்ளைகளின் பெற்றோர் கேட்கிறார்கள். தொழிற்பேட்டையில் இயந்திரத்தின் முன் நின்று உழைத்த தந்தையின் மகன், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தச் செல்கிறார். அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால், கிடைத்த விசாவின் நிபந்தனைகளைப் பேணும் மன உறுதியைத் தருமாறு துஆ கேட்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. விசா கிடைப்பது ரிஸ்க்கின் வாசல் என்றால், அதைப் பேணுவது அமானிதம். இந்த இரண்டாவது பகுதியைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

அடைக்கலம் என்னும் உடன்படிக்கை

விசா என்ற சொல் நம் மார்க்க நூல்களில் இல்லை. ஆனால் அதன் கருத்து நமக்குப் புதியதன்று. ஒரு நாட்டார் பிறநாட்டவருக்குத் தரும் பாதுகாப்பு வாக்குறுதியை ஃபிக்ஹு நூல்கள் 'அமான்' என்கின்றன. அமான் பெற்று வேற்று நாட்டிற்குள் நுழைந்த முஸ்லிம், அந்நாட்டாரின் உயிருக்கும் பொருளுக்கும் துரோகம் இழைக்கலாகாது என்பதை நம் இமாம்கள் தெளிவாக எழுதிவைத்திருக்கிறார்கள். உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு ஈமான் கொண்டோருக்கு இடப்படும் கட்டளையுடன்தான் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம் தொடங்குகிறது.

ஒருவருடைய பொறுப்பில் ஓர் ஊருக்குள் வருவதும் ஸீராவில் இருக்கிறது. தாயிஃபிலிருந்து மனம் நொந்து திரும்பிய நபி (ஸல்) அவர்கள், முத்இம் இப்னு அதீ என்பவரின் பாதுகாப்பில்தான் மக்காவிற்குள் நுழைந்தார்கள். அவர் முஸ்லிம் அல்லர். ஆயினும் அந்த உதவியை நபியவர்கள் மறக்கவில்லை. பத்ருப் போருக்குப் பின், முத்இம் உயிருடன் இருந்து கைதிகளுக்காகப் பரிந்து பேசியிருந்தால் அவருக்காக அவர்களை விட்டிருப்பேன் என்ற கருத்தில் கூறியதாக புகாரியில் பதிவாகியுள்ளது.

அபூபக்ர் (ரலி) அவர்களின் வரலாறு இன்னும் நெருக்கமானது. அபிசீனியாவை நோக்கிப் புறப்பட்ட அவர்களை இப்னுத் தஃகினா என்ற குலத்தலைவர் தம் பாதுகாப்பில் மக்காவிற்குத் திரும்ப அழைத்து வந்தார். வணக்கத்தை வீட்டிற்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது குறைஷியர் விதித்த நிபந்தனை. பின்னர் அபூபக்ர் (ரலி) தம் வீட்டு முற்றத்தில் தொழுமிடம் அமைத்து ஓதத் தொடங்கியபோது, நிபந்தனைக்கு உட்படுங்கள், இல்லையேல் என் பாதுகாப்பைத் திருப்பித் தந்துவிடுங்கள் என்று இப்னுத் தஃகினா வந்து கேட்டார். அபூபக்ர் (ரலி) அந்தப் பாதுகாப்பை வெளிப்படையாகத் திருப்பிக் கொடுத்து, அல்லாஹ்வின் பாதுகாப்பே போதும் என்றார்கள். பாதுகாப்பைக் கையில் வைத்துக்கொண்டே அதன் நிபந்தனையை மறைவில் மீறும் வழியை அவர்கள் நாடவில்லை. விசாவைப் பற்றி நாம் கற்க வேண்டிய பாடம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது.

சான்றிதழ்களின் பாதை

சவூதி அரேபியப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணி கிடைத்தவருக்கு நியமனக் கடிதம் தொடக்கம் மட்டுமே. பட்டச் சான்றிதழுக்கு மாநில அரசின் சான்றொப்பம் பெற்று, வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையைப் பெற வேண்டும். முன்பு தில்லியிலுள்ள தூதரகம் வரை அந்தத் தாள் பயணம் செய்தது. அப்போஸ்டில் உடன்படிக்கை இந்தியாவில் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. சவூதியில் 2022 டிசம்பர் 7 அன்று நடைமுறைக்கு வந்த பின் அந்தப் பாதை சற்றுச் சுருங்கியது. அடுத்து, பாஸ்போர்ட் அலுவலகத்தின் வழியே காவல்துறை நற்சான்று. 2022 முதல் நம் பகுதி ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் இருப்பதால் விசாரணையும் இங்கேயே நடக்கிறது. பின்னர், முன்பு கம்கா என்று அறியப்பட்ட வாஃபித் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற மையத்தில் மருத்துவப் பரிசோதனை. இவற்றோடு, 2025 ஜனவரி 14 முதல் இந்தியர்களின் கல்வி, தொழில் தகுதிகளை முன்கூட்டியே சரிபார்ப்பதும் வேலை விசாவுக்குக் கட்டாயமாகியுள்ளது.

எங்கள் மக்தபில் சிறுவயதில் ஓதிய ஒருவர், பூந்தமல்லிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் நான்கு ஆண்டுகள் பணியாற்றியவர். உதவிப் பேராசிரியர் பதவிக்கு ஆறு ஆண்டு அனுபவம் கேட்டிருந்தார்கள். இடைத்தரகர் ஒருவர், கூடுதல் இரண்டு ஆண்டுகளுக்கு வேறொரு கல்லூரியின் பெயரில் அனுபவச் சான்றிதழ் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். இஷா தொழுகைக்குப் பின் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், எனக்குப் பாடம் நடத்தத் தெரியும். இரண்டு ஆண்டுகளைக் கூட்டிப் போட்டால் யாருக்கு நட்டம்?" என்று கேட்டார்.

"உண்மையை எழுதியதால் அந்தப் பதவியை இழக்கப்போகும் இன்னொருவருக்கு நட்டம் தம்பி. அவர் யாரென்று உனக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்றேன்.

பொய்ச் சான்று பெரும்பாவங்களில் ஒன்று. நீதிமன்றக் கூண்டில் நின்று சொன்னால்தான் பொய்ச் சாட்சி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். முத்திரையிட்ட தாளில் எழுதித் தருவதும் சாட்சியமே. பொய்ச் சான்றால் பெற்ற பணியில் உண்மையாக உழைத்தால் அந்த ஊதியத்தின் நிலை என்ன என்பதை அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பொய் பாவம் என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

அவர் நான்கு ஆண்டுகளையே எழுதினார். உண்மை எழுதியதற்கு உடனே பெரும் பரிசு கிடைத்தது என்று சொல்லி உங்களை மகிழ்விக்க நான் விரும்பவில்லை. உதவிப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை; அதற்குக் கீழான விரிவுரையாளர் பணியே கிடைத்தது. ஊதியம் குறைவு, குடும்பத்தை அழைத்துச் செல்லும் வசதி அந்த ஒப்பந்தத்தில் இல்லை. சவூதியில் உடன் வாழும் குடும்பத்தாருக்கான கட்டணம் 2017 ஜூலையில் தலைக்கு மாதம் 100 ரியாலாகத் தொடங்கி, 2020 ஜூலையில் 400 ரியாலை எட்டியது. மனைவி, மகள் இருவருக்கும் மாதம் 800, ஆண்டுக்கு 9,600 ரியால். அதை அவரால் தாங்க இயலவில்லை. ஆகவே அவர் அங்கே, மனைவியும் மகளும் அம்பத்தூரில். உண்மைக்கு இப்படி ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுத்தவரின் கூலி அல்லாஹ்விடம் வீணாகாது என்பதே நம் ஈமான்.

இகாமாவுக்குப் பின்

விசா முத்திரை விழுந்ததும் நாம் இனிப்பு வழங்கிவிடுகிறோம். உண்மையான சோதனை அதன் பின்னரே தொடங்குகிறது. போய்ச் சேர்ந்ததும் இகாமா என்னும் வசிப்பு அனுமதி பெற வேண்டும். அதன் காலக்கெடுவைக் கவனித்து வர வேண்டும். விடுமுறைக்கு ஊர் வரும்போது, சென்று திரும்பும் அனுமதியின் நாள்களை எண்ணித் திரும்ப வேண்டும். யாருடைய பொறுப்பில் இகாமா இருக்கிறதோ அவரிடம் மட்டுமே பணி செய்ய வேண்டும். சவூதி தொழிலாளர் சட்டத்தின் 39ஆம் பிரிவு, உரிய அனுமதியின்றிப் பிறரிடமோ சொந்தமாகவோ வேலை செய்வதைத் தடுக்கிறது. மாலையில் நான்கு மாணவர்களுக்குக் கட்டணம் வாங்கிப் பாடம் சொல்லித் தந்தால் என்ன என்று கேட்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். கற்பிப்பது நன்மைதான், ஆனால் முஸ்லிம்கள் தாம் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பது ஹதீஸின் கருத்து.

உடன்படிக்கை என்பது இருபக்கக் கடமை. இகாமாவுக்கும் பணி அனுமதிக்கும் அவற்றைப் புதுப்பிப்பதற்கும் ஆகும் கட்டணம் முதலாளியுடைய பொறுப்பு என்று அதே சட்டத்தின் 40ஆம் பிரிவு கூறுகிறது. பணியாளரின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முதலாளிக்கு உரிமையில்லை. வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவதை ஹதீஸ் குத்ஸியில் காண்கிறோம். ஆகவே, நிபந்தனையைப் பேணுங்கள் என்று சொல்வது அநீதியைச் சகித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதாகாது. உரிமையை முறையான வழியில் கேட்பதும் மார்க்கமே.

இது சவூதிக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் திறன்மிகு பணியாளர் விசாவில் இருப்பவர் அனுமதியின்றித் தொடர்ந்து 10 வேலை நாள்களுக்கு மேல் வராவிட்டால், பல்கலைக்கழகம் அதை அரசுக்கு அறிவித்தாக வேண்டும். அமெரிக்காவின் எச்-1பி விசாவில், பல்கலைக்கழகப் பணிகள் ஆண்டுக்கு 85,000 என்ற உச்சவரம்புக்கு வெளியே இருப்பது ஒரு வசதி. எனினும் அதன் காலம் பொதுவாக ஆறு ஆண்டுகளே. வேலை போனால் மாற்று வழி காண அதிகபட்சம் 60 நாள்கள். நாடு எதுவாயினும், அந்த நாள்கணக்கு நாம் கொடுத்த வாக்கின் ஒரு பகுதி.

ஹஜ்ஜின் பெயரால்

உலக ஆசைக்காக நிபந்தனையை மீறுவது தவறென்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். வணக்கத்தின் பெயரால் வரும் சோதனையே கடினமானது. அந்தச் சகோதரர் அங்கிருந்து ஒரு குரல்பதிவு அனுப்பினார். அனுமதிச் சீட்டு இல்லாமலே மக்காவிற்குள் சென்றுவிட வழி இருப்பதாக உடன் தங்கியிருப்போர் அழைக்கிறார்கள், "இவ்வளவு அருகில் இருந்தும் ஹஜ் செய்யாமல் இருப்பதா ஹஜ்ரத்?" என்று அவர் குரல் தழுதழுத்தது.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டை நினைவூட்டினேன். நபி (ஸல்) அவர்களும் ஏறத்தாழ 1,400 தோழர்களும் இஹ்ராம் அணிந்து, குர்பானிப் பிராணிகளுடன் ஹுதைபிய்யா வரை வந்துவிட்டார்கள். கஅபா மிக அருகில். ஆயினும் உடன்படிக்கையை ஏற்று, உம்ரா செய்யாமலே திரும்பினார்கள். மறு ஆண்டு வந்தபோது அனுமதிக்கப்பட்ட காலம் மூன்று நாள்கள். அவை முடிந்ததும் மக்காவாசிகள் நினைவூட்ட, நபியவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். தாம் பிறந்த ஊரில், அல்லாஹ்வின் இல்லத்தின் அருகில், நான்காவது நாள் தங்கவில்லை.

2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது 1,301 பேர் இறந்ததாகவும், அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதி பெறாதவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. அனுமதி இல்லாதவர்களுக்குக் குளிரூட்டிய கூடாரமோ வாகனமோ இல்லை. கொடும் வெயிலில் நெடுந்தூரம் நடந்தார்கள். அனுமதியின்றி ஹஜ்ஜுக்குச் செல்வது கூடாது, செல்பவர் பாவத்திற்குள்ளாவார் என்று அந்நாட்டு மூத்த அறிஞர்கள் குழு அதே ஆண்டில் அறிவித்திருந்தது. 2025இல் அபராதம் 20,000 ரியால் வரை என்று அறிவிக்கப்பட்டது. வருகை விசாவில் சென்ற பெற்றோருக்கும் இதே விதிதான். ஹஜ் இயன்றவர் மீதே கடமை. முறையான அனுமதி கிடைக்காதவர் இன்னும் இயன்றவராகவில்லை. அவர் செல்லவில்லை. உரிய பதிவின் வழியே செல்லக் காத்திருக்கிறார்.

குடும்பத்தின் பங்கு

வெளிநாட்டில் ஒருவர் தவறான வழியை நாடுவதற்குப் பின்னால், பெரும்பாலும் ஊரிலிருந்து செல்லும் தொலைபேசி அழைப்பு ஒன்று இருக்கிறது. "பக்கத்து வீட்டுப் பையன் எப்படிச் சம்பாதிக்கிறான் பார்" என்ற ஒரு சொல் போதும். பெற்றோரே, உங்கள் பிள்ளையின் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை அமர்ந்து படியுங்கள். பதவி, ஊதியம், குடும்பத்திற்கான அனுமதி, விடுமுறை ஆகியவற்றைக் கையெழுத்துக்கு முன் கேட்டறியுங்கள். பாஸ்போர்ட், இகாமா, ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதியையும் அவை முடியும் நாள்களையும் வீட்டில் குறித்து வையுங்கள். கடனை எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

இங்கே தனித்திருக்கும் மனைவியின் உரிமையையும் மறக்க வேண்டாம். போருக்குச் சென்ற வீரர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்திற்கு உமர் (ரலி) அவர்கள் எல்லை வகுத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. ஆகவே எத்தனை காலம் பிரிந்திருப்பது என்பதை அவளுடைய சம்மதத்துடன் முடிவு செய்யுங்கள். விசா ஒருவர் பெயரில் இருந்தாலும், அதன் சுமையைச் சுமப்பது ஒரு குடும்பம்.

பல்கலைக்கழகத்தில் நிற்கும் நம் பிள்ளையை அங்குள்ள மாணவர்கள் பார்க்கிறார்கள், அதிகாரிகள் பார்க்கிறார்கள். அவர் கையிலுள்ள தாள் உண்மையானதாகவும், அவர் கொடுத்த வாக்கு நிலையானதாகவும் இருந்தால், அடுத்து விண்ணப்பிக்கும் நம் ஊர்ப் பிள்ளைக்கும் அது நற்சான்றாக அமையும்.

இனி ஜுமுஆவுக்குப் பின் துஆ கேட்கும்போது, விசா கிடைக்க வேண்டும் என்பதுடன், கிடைத்ததை அமானிதமாகப் பேண வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ரிஸ்க்கையும், வாக்கைக் காக்கும் உறுதியையும், பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கு விரைவில் ஒன்றுசேரும் பாக்கியத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.