இரும்பும் களைப்படையும்

ரொறன்ரோவில் பனிக்காலம் முடியும்போதுதான் எங்கள் தொழில் சூடுபிடிக்கும். குளிர் மாதங்களில் வீதிகளிற் கொட்டப்படும் உப்பை மோட்டார் வண்டிகள் சுமந்துவந்து, அடுக்குமாடிகளின் நிலக்கீழ்த் தரிப்பிடங்களில் விட்டுவிடுகின்றன. அந்த உப்பு சீமெந்துக்குள் ஊறி உள்ளிருக்கும் கம்பிகளை அரிக்கும். ஆகவே ஆண்டுதோறும் அத்தளங்களைச் சுடுநீர் பாய்ச்சிக் கழுவவேண்டும். ஊரிலே பௌதிகம் படிப்பித்த நான், ஆறு ஆண்டுகளாக இங்கே இத்தொழிலிற் கூலியாள்.

எங்கள் லொறியின் பின்தளத்திலே கோண இரும்பாலான ஒரு சட்டகம் உண்டு. நீர்த்தாங்கி, பம்பி, டீசலில் எரியும் சூடாக்கி ஆகிய மூன்றையும் அதுவே தாங்குகிறது. ஆயிரம் லீற்றர் நீர் ஒரு தொன் எடை. பிறேக் போடும்போதெல்லாம் அந்த எடை முன்னே பாய்ந்து பின்னே திரும்பும். சூடாக்கிக்குள் சுருட்டிய இரும்புக் குழாயில் நீர் ஓட, அதன்மேல் சுவாலை வீசிக்கொண்டிருக்கும்.

சென்ற வசந்தத்தில், சட்டகத்தின் மூலை ஒன்றிலே வர்ணத்தை ஊடறுத்துத் துருக்கோடு ஒன்று தெரிந்தது. தலைமயிரளவு மெல்லியது. முதலாளியிடம் காட்டினேன். அவரும் நம்மவர்தான். “கறுப்பு வர்ணத்தை அடிச்சுப்போட்டு ஓடுங்கோ. கோடை முடியப் பாப்பம்” என்றார்.

என்னோடு வேலைசெய்யும் அண்ணை அறுபதைக் கடந்தவர். 1990 இல் மூடப்படும்வரை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்த்தவர். விரலால் அந்தக் கோட்டைத் தடவிவிட்டு, “தம்பி, இது கோடில்லை, வெடிப்பு. இரும்பு களைச்சுப்போச்சு. சூடாக்கி சரிஞ்சால் டீசல் குழாய் அறும். கீழ நெருப்பு” என்றார்.

இரும்பு களைக்கும் என்பதை மாணவருக்குப் படிப்பித்தவன் நான். 1842 மே மாதத்தில், வேர்செயில்சிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய புகைவண்டியின் என்ஜின் அச்சு முறிந்தது. தீ மூண்டது. பெட்டிகளின் கதவுகள் பூட்டப்பட்டிருந்தமையால் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாறு முறியும் அச்சுகளைப் பின்னர் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்தவர் ஜெர்மானியப் பொறியியலாளர் வோலர். ஒருமுறை சுமத்தினால் எளிதிலே தாங்கக்கூடிய பாரமும், மீண்டும் மீண்டும் சுமத்தப்பட்டால் இரும்பை முறித்துவிடும் என்று அவர் நிறுவினார். இதனைக் கரும்பலகையில் எழுதியவனுக்கு, தன் காலடியில் இருந்த வெடிப்பை அடையாளங்காட்ட ஒரு தொழிலாளி வேண்டியிருந்தது.

ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையை ஒன்ராறியோச் சட்டம் தொழிலாளருக்கு வழங்கியுள்ளது. நாங்கள் அதை அறிந்திருந்தும் ஒருநாளேனும் வாய்திறந்து சொன்னதில்லை. அடுத்த கிழமை வேலை தரப்படாதோ என்ற அச்சமே காரணம். அன்று இருவரும் சேர்ந்து சொன்னோம். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் இரும்பு வாங்கப் பணம் தந்தார்.

வேலை இரண்டு நாள் எடுத்தது. நீரை வடித்து, டீசல் தாங்கியைக் கழற்றி அப்புறப்படுத்தி, பற்றரியின் இணைப்பைத் துண்டித்தோம். வெடிப்பு மேலே ஓடாதிருக்க அதன் நுனியில் அண்ணை துளையிட்டார். வெடிப்பு நெடுகிலும் இரும்பை அராவிப் பள்ளமாக்கி, உருக்கி ஒட்டினார். மூலைக்கு முக்கோணத் தகடு ஒன்று வைத்தார். ஏனைய இடங்களுக்கும் தடித்த தகடுகளை வைப்போம் என்றேன் நான். அவர் மறுத்தார். “எல்லாத்தையும் இறுக்கினால், பாரம் போய் அடுத்த ஒட்டில நிக்கும். கொஞ்சம் அசையவும் விடவேணும்” என்று கூறி, சூடாக்கியின் கீழே இறப்பர்க் கட்டைகளை வைத்தார். கடைசியாகவே வர்ணம் பூசினோம்.

சட்டகம் அதன்பின் அசையவில்லை. இரண்டு நாட் கூலி கேட்டோம். ஒரு நாளுக்கே கிடைத்தது. மற்றதை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அண்ணை இப்போதெல்லாம் தரிப்பிடத்தின் படிகளில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறார். முப்பது ஆண்டுகளாக ஈரத் தளங்களில் நின்ற முழங்கால்கள். ஒரே நாளில் வந்த நோவன்று அது. தகட்டின் விலையை முதலாளி தம் செலவுக் கணக்கில் எழுதிவிட்டார். அண்ணையின் முழங்கால்களை யாருடைய கணக்கில் எழுதுவது என்பதே அவரிடம் நாங்கள் கேட்கவிருக்கும் அடுத்த கேள்வி.