கசிவின் பிறப்பிடம்

கம்பத்தில் தந்தை விட்டுச்சென்ற பழைய வீட்டை நானும் தம்பியும் நடுச்சுவர் எழுப்பிப் பகிர்ந்துகொண்டோம். ஓர் ஐப்பசி மழையில் என் பக்கத்து நடுச்சுவர் நனைந்து காரை உதிர்ந்தது. அதற்கு அப்பால் இருப்பது தம்பியின் குளியலறை. அவன் குழாயே காரணம் என்று தீர்மானித்தேன். ஏழு மாதங்கள் அவனோடு பேசவில்லை.

வைகாசியில் வந்த முதிய கொத்தனார் சுவரைத் தொடவே இல்லை, மாடிக்கு ஏறினார். தளத்தில் மண்வரப்புகள் கட்டி, நாளுக்கு ஒரு பகுதியாக நீர் தேக்கினார். "தண்ணி நுழையிற இடம் ஒண்ணு, தலைகாட்டுற இடம் வேற, அய்யா" என்றார். மூன்றாம் நாள் சுவர் நனைந்தது. விரிசல், என் கைப்பிடிச்சுவரின் அடியில் இருந்தது! அதை அகலக் கொத்தி, தூசி நீக்கி, நனைத்து, கலவையால் அடைத்தார். நீர் தங்காதபடி மூலையை வளைத்துப் பூசினார்.

எங்கள் பள்ளத்தாக்கை வாழ்விக்கும் முல்லைப் பெரியாறு அணை, 1895-இல் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் கட்டி முடிக்கப்பட்டது. 1979-க்குப் பின் கான்கிரீட் தொப்பியும் எஃகு வட நங்கூரங்களும் பின்புறத் தாங்கலும் இட்டு அதனை வலுப்படுத்தினார்கள். அங்கே கசிவுநீரை இன்றும் அளந்து குறிக்கிறார்கள். அணையில் கசிவு உண்டென்பதை எவரும் மறைப்பதில்லை. அளவு மீறுகிறதா என்றே பார்க்கிறார்கள். நானோ எதையும் அளக்காமலே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அன்று மாலை தம்பி வீட்டுக் கதவைத் தட்டினேன். "விரிசல் என் பக்கந்தான்" என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டான்.