கரடி விடாதீங்க!

ராத்திரி எட்டரை மணி. எல்.கே.ஜி. படிக்கிற மகளின் டைரியை அப்போதுதான் திறந்தாள் மனைவி. திறந்த வேகத்தில் முகம் மாறியது. 'நாளை டெடி பேர் டே. குழந்தைகள் ஆளுக்கொரு கரடி பொம்மையுடன் வரவும். விருப்பமுள்ள பெற்றோர் காலை 10 மணிக்கு வந்து பார்க்கலாம்.'

வீட்டில் யானை இருக்கிறது. ஒரு காது போன நாய் இருக்கிறது. என்ன பிராணி என்று அதைத் தைத்தவருக்கே தெரியாத ஒன்றும் இருக்கிறது. கரடி மட்டும் இல்லை!

இந்த அனுபவம் உங்களுக்கும் வாய்த்திருக்கும். கரடி இல்லாவிட்டால் சார்ட் பேப்பர், அதுவும் இல்லாவிட்டால் கிருஷ்ணர் வேஷம். நேரம் மட்டும் அதே எட்டரை மணி. ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்த ஃபேன்ஸி ஸ்டோர்க்காரரைக் கெஞ்சி, ஒரு பழுப்புக் கரடியை வாங்கி வந்தேன். 650 ரூபாய். பி.காம். படிச்ச புத்தி சும்மா இருக்குமா? ஒரே ஒரு நாள் உபயோகம், அப்புறம் பரணுக்குப் போகப் போகிற சொத்து. முதல் நாளே நூறு சதவிகிதம் தேய்மானம் என்று மனசுக்குள் கணக்கெழுதிக்கொண்டேன்.

மகள் அதற்கு 'குண்டு' என்று பெயர் வைத்தாள். "இதுக்கு ஏம்ப்பா டெடின்னு பேரு?" என்றாள். நமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் காட்ட இப்படி ஒரு சந்தர்ப்பம் கிடைத்தால் விடுவோமா?

1902 நவம்பர். அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், மிசிசிப்பி காட்டுக்குக் கரடி வேட்டைக்குப் போனார். அவர் கண்ணில் ஒரு கரடிகூடப் படவில்லை. ஜனாதிபதி வெறுங்கையோடு திரும்பக் கூடாதே என்று, வழிகாட்டியாக வந்த ஹோல்ட் கோலியர் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து, "சுடுங்கள்" என்றார். கட்டிப்போட்டதைச் சுடுவது வேட்டையே இல்லை என்று மறுத்துவிட்டார் ரூஸ்வெல்ட். இதை 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் கார்ட்டூனாகப் போட்டார் கிளிஃபோர்ட் பெர்ரிமன். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மாரிஸ் மிக்டம், மனைவி ரோஸுடன் சேர்ந்து துணியில் ஒரு கரடி செய்து கடையில் வைத்தார். தியோடரின் செல்லப் பெயர் டெடி. அதனால் அது டெடியின் கரடி!

கிட்டத்தட்ட அதே சமயத்தில் ஜெர்மனியில், போலியோவால் நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் இருந்தபடியே பொம்மை கம்பெனி நடத்திய மார்கரெட் ஸ்டைஃபின் பட்டறையிலும் ஒரு கரடி உருவானது. 1903 லைப்சிக் சந்தையில் ஓர் அமெரிக்க வியாபாரி 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தாராம்.

மகளுக்கு 3,000-ம் புரியவில்லை, ஜெர்மனியும் புரியவில்லை. "கட்டிப்போட்ட கரடி என்னப்பா ஆச்சு?" என்றாள்.

"அம்மாகிட்ட ஓடிப் போயிடுச்சு."

கரடியைப் பற்றியே கரடி விட்டேன். அது உறைத்தது மறுநாள்தான்.

காலை பத்து மணிக்கு வகுப்பு ஜன்னலோரம் நின்றேன். 22 குழந்தைகள், 22 கரடிகள். ஒரு பையன் பாண்டா கொண்டுவந்திருந்தான். "இதுவும் கரடிக் குடும்பம்தான்" என்று மிஸ் சேர்த்துக்கொண்டார். 'கட்டுற ஃபீஸுக்கு இதெல்லாம் ஒரு படிப்பா?' என்று உங்களைப் போலவே எனக்கும் உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பு.

கொஞ்ச நேரத்தில் முணுமுணுப்பு நின்றது. கரடிகளை நிறம் பார்த்து வரிசையாக உட்கார வைத்தார்கள். பழுப்பு 9, வெள்ளை 6, பிங்க் 4, மற்றவை 3. "எந்த வரிசை நீளம்?" என்றார் மிஸ். சார், நான் பி.காமில் ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பருக்கு ஸ்கேல் வைத்துப் போட்ட பார் டயகிராம் அது! நாலு வயசுப் பிள்ளைகள் தரையில் கரடியால் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் கரடி நாற்காலிக்கு மேலே போனது, கீழே போனது, பின்னால் ஒளிந்தது. திசைச் சொற்கள் வந்துவிட்டன. ஒரு கரடிக்கு ஒரு தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு பிஸ்கட் என்று விருந்து வைத்தார்கள். மிஸ் வேண்டுமென்றே இரண்டு பிஸ்கட் குறைத்து வைத்திருந்தார். பாதி பாதியாக உடைக்கலாம் என்று ஒரு பெண் குழந்தை கண்டுபிடித்தது. பின்னம் இப்படித்தான் பிறந்திருக்க வேண்டும்.

கடைசியாக, கரடி ஆஸ்பத்திரி. இதுவும் வெளிநாட்டுச் சரக்குதான். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் டாக்டராக உட்கார, சின்னக் குழந்தைகள் தங்கள் பொம்மைகளை நோயாளியாகக் கூட்டிவருவார்கள். ஆஸ்பத்திரி, ஊசி என்றால் வருகிற பயத்தைத் தெளிய வைக்கிற ஏற்பாடு. ஜெர்மனி உட்படப் பல நாடுகளில் நடக்கிறது. இங்கே டாக்டர், வெள்ளைக் கோட்டு போட்ட மிஸ்.

"சாக்லேட் தின்னு வயித்து வலி." "கட்டில்லேர்ந்து விழுந்துட்டான்." "ஜுரம்... ஆனா ஊசி வேணாம்." வரிசை கலகலப்பாக நகர்ந்தது. என் மகள் முறை வந்தது. அவள் குண்டுவைக் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"என்னடா கண்ணு, குண்டுவுக்கு என்ன?"

பதில் இல்லை. மிஸ் அவசரப்படுத்தவில்லை. தரையில் அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் கழித்து, மெதுவாக வந்தது...

"ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்குப் போயிடுவான். ஊருக்குப் போனா வர மாட்டான்."

ஜன்னல் கம்பியை நான் எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை.

அதற்கு மூன்று மாதம் முன்புதான் என் அப்பா இறந்துபோனார். நெஞ்சு வலி என்று ஆட்டோவில் கூட்டிப்போனோம். வீட்டு வாசலில் பேத்திக்கு டாட்டா காட்டியதுதான் கடைசி. காரியம் முடியும்வரை மகளை மாமியார் வீட்டில் விட்டிருந்தோம். திரும்பி வந்ததும் "தாத்தா எங்க?" என்றாள். "ஊருக்குப் போயிருக்கார்மா" என்றேன். அம்மாவும் அதையே சொன்னார். மனைவியும் அதையே சொன்னாள். பச்சைக் குழந்தையிடம் வேறென்ன சொல்வது என்று மூன்று பேரும் நினைத்தோம்.

அதன் பிறகு நான் ஆபீஸ் வேலையாக மதுரைக்குக் கிளம்பினால், "ஊருக்குப் போகாதப்பா" என்று பையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுக்கிற அளவுக்கு அழுதாள். சளிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனால் வாசலிலேயே படுத்துப் புரண்டாள். 'ஒத்தைப் பிள்ளை, செல்லம் ஜாஸ்தி, பிடிவாதம்' என்று கணக்கெழுதி மூடினேன். எழுதிய தலைப்பே தப்பு.

வகுப்பில் மிஸ் என்ன செய்தார் தெரியுமா? கரடியைப் பிடுங்கவில்லை. "அப்ப நீயும் கூடவே இரு. நீ அவன் கையைப் பிடிச்சுக்கோ, நான் பாக்கறேன்" என்றார். மடியில் வைத்தபடியே ஸ்டெதாஸ்கோப் வைத்தார். வலது காலில் ஒரு கட்டு போட்டார். "சரியாயிடுச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றார். மகள் கட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன ஒருத்தன் திரும்பி வந்ததை அவள் அன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

வெளியே வந்த மிஸ்ஸிடம் விஷயத்தைச் சொன்னேன். வயதில் என்னைவிட இருபது வருஷமாவது சின்னவர். "ஊருக்குப் போயிருக்கார், தூங்கறார்னு சொல்லாதீங்க சார். அப்புறம் ஊருக்கும் பயப்படும், தூங்கவும் பயப்படும். சின்ன வார்த்தையில உண்மையைச் சொல்லுங்க. திரும்பத் திரும்பக் கேட்கும். திரும்பத் திரும்பச் சொல்லுங்க."

அன்று இரவு மகளையும் குண்டுவையும் மடியில் உட்கார்த்தி வைத்தேன். ரொம்ப நேரம் தொண்டையைச் செருமினேன்.

"தாத்தா ஊருக்குப் போகலைம்மா. செத்துட்டார். அவர் நெஞ்சு வேலை செய்யாம நின்னுடுச்சு. டாக்டர் ரொம்ப முயற்சி பண்ணார், முடியலை. இனிமே வர மாட்டார். அப்பா அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேன்."

"தாத்தாக்குப் பசிக்குமா?"

"பசிக்காது. வலிக்காது."

"நீயும் செத்துடுவியா?"

இந்தக் கேள்விக்கு எந்தப் பாடப் புத்தகத்திலும் விடை படித்ததில்லை. "எல்லாரும் ஒரு நாள் சாவோம். அப்பா ரொம்ப நாள் உன்கூட இருக்கணும்னு உடம்பைப் பாத்துக்கறேன். மதுரைக்குப் போனா திரும்பி வந்துடுவேன்" என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். அப்பா போன அன்று பந்தல், பால், ஐஸ் பெட்டி என்று ஓடியதில் விட்டுப்போன அழுகை அது. கதவோரம் நின்ற அம்மா திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வந்து உட்கார்ந்து, "உங்க தாத்தாவுக்குத் தூக்கத்துல குறட்டை எப்படி வரும் தெரியுமாடி?" என்று ஆரம்பித்தார். மூன்று மாதத்தில் அப்பாவைப் பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

இங்கிலாந்தில் டொனால்ட் வின்னிகாட் என்றொரு குழந்தை மருத்துவர் இருந்தார், மனநல ஆய்வாளரும்கூட. அம்மாவின் மடிக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே குழந்தை பிடித்துக்கொண்டு நடக்கிற கைப்பிடிதான் இந்தப் பொம்மையும் பழைய துணியும் என்று 1953-ல் வெளியான கட்டுரையில் விளக்கினார். அது அழுக்கானாலும் நாறினாலும் நாமாகத் துவைத்துவிடக் கூடாதாம். அந்த வாசனைதான் குழந்தைக்குத் தொடர்ச்சி. குண்டுவை வாஷிங் மெஷினில் போட நான் இரண்டு முறை தூக்கியிருக்கிறேன். நல்லவேளை!

யோசித்தால், இது நம் ஆட்களுக்கும் தெரிந்த விஷயம்தான். எனக்கு ஐந்து வயதில், திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்குக் கரடிக்காரர் வருவார். ராத்திரியில் அலறி எழுந்துகொண்டிருந்த என்னை, பயம் தெளியட்டும் என்று அப்பா அதன் முதுகில் உட்கார வைத்தார். அதன் முடியில் ஒரு தாயத்தும் கட்டினார். மூக்கைத் துளைத்துக் கயிறு போட்டிருந்த அந்தக் கரடியின் பயத்தை யார் தெளிய வைத்தார்களோ! 2009 கடைசியில், நாட்டின் கடைசி ஆட்டக் கரடியும் மீட்கப்பட்டதாக அறிவித்தார்கள். துணிக் கரடிக்கு வலிக்காது. அந்த வகையில் நாம் முன்னேறித்தான் இருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் மூன்று, நாலு வயசு இருந்தால் 650 ரூபாய் செலவு செய்யாதீர்கள். பழைய சாக்ஸில் துணி அடைத்து, கண்ணுக்கு நூலால் தைத்தால் போதும். பிய்ந்து வாய்க்குள் போகும் பட்டன் கண் வேண்டாம். கடையில் வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள், 2021 முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பிறகு அதற்குச் சோறு ஊட்டச் சொல்லுங்கள், ஊசி போடச் சொல்லுங்கள், பள்ளிக்கூடம் அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து, கரடிக்கு என்ன பயம் என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும்.

போன வாரம் படுக்கையில் மகள் மறுபடி கேட்டாள். "அந்த ராஜா சுடாத கரடி நிஜமாவே அம்மாகிட்ட போச்சாப்பா?"

போகவில்லை. பிடிக்கும்போதே அதற்குப் பலத்த அடி. தான் சுட மறுத்த ரூஸ்வெல்ட், அது துடிக்க வேண்டாம் என்று கத்தியால் முடித்துவிடச் சொன்னார். கார்ட்டூனிலும் கடையிலும் அந்தப் பகுதி வரவில்லை, அவ்வளவுதான்.

"இல்லடா. அது செத்துப்போச்சு. அன்னிக்கு அப்பா கரடி விட்டேன்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். குண்டுவின் காதில் ஏதோ சொன்னாள். அப்புறம் இரண்டு பேரும் என் பக்கம் புரண்டு படுத்துத் தூங்கிப்போனார்கள்.