ஒண்டுக் குடித்தனம்

நம் சங்கத்து அச்சுப்பொறியை எடைக்குப் போட்டுவிடலாம் என்று சென்ற கார்த்திகை மாதக் கூட்டத்தில் பேச்சு வந்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். புதிது வாங்கலாம்தான், பொங்கல் விழாவுக்கென்று சேர்த்த பணம் அதோடு தீர்ந்துபோகும். ஆகவே பத்து நாள் தவணை கேட்டு, அதை என் விடுதி அறைக்குத் தூக்கி வந்தேன்.

அதற்கு நோய் ஒன்றும் இல்லை. மை இருந்தது, உருளையும் சுழன்றது. ஆனால் அதன் மொழி அறிந்த டிரைவர் 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மட்டுமே எழுதப்பட்டது. என் கணினியில் இருப்பதோ லினக்ஸ். மொழிபெயர்ப்பாளர் இல்லாத அவையில் ஊமையாக நிற்பவன் அறிவிலி ஆவானா?

கணினிக்குள்ளே இன்னொரு கணினியை மென்பொருளால் அமைக்கும் வித்தை ஒன்று உண்டு. 2007இல் வெளிவந்த வர்ச்சுவல்பாக்ஸ் அத்தகையது. அதில் எக்ஸ்பியைக் குடிவைத்தேன். கம்பியைச் செருகினேன். எக்ஸ்பி அச்சுப்பொறியை ஏறிட்டும் பார்க்கவில்லை!

காரணம் என்ன? நம் ஊர் ஒண்டுக் குடித்தன வீடுகளை எண்ணிப் பாருங்கள். முற்றத்தில் ஆட்டுக்கல் ஒன்றுதான். வீட்டுக்கார அம்மாள் மாவரைக்கும்போது குடித்தனக்கார அம்மாள் காத்திருக்கத்தான் வேண்டும். யூ.எஸ்.பி. அச்சுப்பொறியும் ஒரு நேரத்தில் ஒருவருக்கே கட்டுப்படும். செருகிய கணமே லினக்ஸ் அதைப் பிடித்துக்கொள்கிறது. வீட்டுக்காரர் விட்டால்தான் குடித்தனக்காரருக்குக் கிடைக்கும்.

அதற்கு வழி இரண்டு படிகள். முதலாவது, உரிமை. லினக்ஸில் நம் பயனர் பெயரை 'விபாக்ஸ்யூசர்ஸ்' என்னும் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். இரண்டாவது, அடையாளம். ஒவ்வொரு யூ.எஸ்.பி. கருவியும் இரண்டு எண்களைச் சொல்லித் தன்னை அறிவிக்கிறது. ஒன்று செய்தவரைக் குறிப்பது, மற்றொன்று பொருளைக் குறிப்பது. இவ்வெண்களோடு வருவதை உள்ளே அனுப்புக என்று வர்ச்சுவல்பாக்ஸில் ஒரு வடிகட்டி அமைத்து, கம்பியைக் கழற்றி மறுபடி செருக வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம். சில பழைய அச்சுப்பொறிகள் விழித்ததும் டிரைவரிடமிருந்து தம்மை இயக்கும் நிரலைப் பெற்று, ஒருமுறை தொடர்பை அறுத்துக்கொண்டு, வேறு எண்ணோடு திரும்பி வரும். பழைய எண்ணையே வடிகட்டி எதிர்பார்த்தால், திரும்பி வந்தது வாசலிலேயே நின்றுவிடும். ஆதலால் செய்தவர் எண்ணை மட்டும் வைத்து, மற்றக் கட்டங்களை வெறுமையாக விட்டேன். வெறுமையான கட்டம் எதையும் ஏற்கும்.

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு ஆதரவு நின்றுவிட்டது. ஆகவே அந்தக் குடித்தனத்துக்கு இணைய வாசலைச் சாத்திவிட்டேன். அச்சிட வேண்டியவை பகிர்வுக் கோப்புறை வழியாகவே உள்ளே போகின்றன.

ஏழாம் நாள் இரவு முதல் தாள் வெதுவெதுப்பாக வெளியே வந்தது. பொங்கல் அழைப்பிதழ்கள் அத்தனையும் அதில் அச்சானவையே. பேசத் தெரியாதது என்று நாம் ஒதுக்குவனவற்றுள் எத்தனை, கேட்கத் தெரிந்தவர் இல்லாமையால் ஊமையாயினவோ! ஆய்வேடு அச்சிட வேண்டிய நண்பர்கள் தயங்காமல் என் அறைக்கு வரலாம். தாள் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.