உப்பு பூத்த சட்டி

உங்கள் வீட்டில் உப்பு எதில் இருக்கிறது? பிளாஸ்டிக் டப்பாவில்தானே? என் வீட்டிலும் அப்படித்தான். அதனால்தானோ என்னவோ, வேதாரண்யத்தில் நண்பர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த அந்த வாட்டர் கலர் படத்தைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

படத்தில் ஒரு மண் உப்புச் சட்டி. அவ்வளவுதான். வாய் ஓரம் கொஞ்சம் உடைந்திருக்கிறது. வயிற்றைச் சுற்றி வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது.

மண் சட்டிக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. கடற்காற்றின் ஈரத்தில் உள்ளே உப்பு கசிந்து, அந்தத் துளைகள் வழியே வெளியே வரும். தண்ணீர் ஆவியாகிவிட, உப்பு மட்டும் பூவாக நிற்கும். நாளடைவில் சட்டியே பொரிந்து உதிரும். காத்த உப்பே சட்டியைத் தின்கிறது!

அந்தப் பூவை எப்படி வரைந்தார்கள்? வரைந்தது நண்பரின் மகள்தான். கேட்டேன்.

"வெள்ளை பெயின்ட்டே தொடலை அங்கிள். கலர் ஈரமா இருக்கும்போதே கல் உப்பைத் தூவிட்டேன். அகஸ்தியம்பள்ளி உப்பு!"

உப்பு தன்னைச் சுற்றியுள்ள வர்ணத் தண்ணீரை இழுத்துக்கொள்ளுமாம். காய்ந்ததும் தட்டிவிட்டால், நட்சத்திரம் நட்சத்திரமாக வெளிறிய புள்ளிகள். சட்டியின் விளிம்பில் மினுங்கும் வெளிச்சம்? தூரிகை படாமல் விட்ட வெறும் காகிதம். வாட்டர் கலரில் வெள்ளை என்பது பூசுவதல்ல, விட்டுவைப்பது.

1930 ஏப்ரல் 30-ல் ராஜாஜி உப்பு எடுத்துக் கைதானது அதே அகஸ்தியம்பள்ளியில்தான். ஒரு பிடி உப்பு குற்றமாக இருந்த ஊர். இன்று அதே உப்பு ஒரு படத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது.

சட்டி மட்டும் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது, அடுப்படிக் கூரை ஓடு சரிந்து, சட்டி சுக்குநூறு. புயலுக்குப் பிறகு கணக்கெடுக்க வந்தவர்கள் தென்னையை எண்ணினார்கள், வீட்டை எழுதினார்கள், ஆடு மாடு கேட்டார்கள். உப்புச் சட்டி போச்சு என்று யாரிடம் சொல்ல? அந்தப் பெண் நினைவிலிருந்தே வரைந்திருக்கிறாள். அந்தச் சட்டிக்கு இருக்கும் ஒரே பதிவு இந்தக் காகிதம்தான்.

அவளுடைய அப்பாயி படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "எல்லாம் சரிடி. ஆனா ஒடஞ்ச பக்கம் இது இல்ல, அந்தப் பக்கம்."

ஐம்பது வருஷம் தினமும் கை விட்டவர். தெரியாமலா இருக்கும்?

தினமும் நீங்கள் தொடும் ஏதாவது ஒன்று எந்தப் பக்கம் உடைந்திருக்கிறது? பார்க்காமல் சொல்லுங்கள் பார்ப்போம்.